அட்மிரல் ஜக்கும் ஜேபஸ் ப்ளோரின் கைகளும்

அட்மிரல் நெல்சன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர் செத்த செய்தி வந்தபோது நானும்தான் அழுதேன். எங்கள் மண்பாண்ட ஊரான பர்ஸ்லெம்மில் அன்றைக்கு அழாதவர்கள் யார்? ஆனால் அவர் படம் போட்ட ஜக்கை யாராவது அலமாரியில் வைத்து ஆசையாகத் துடைப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் தாமார், உனக்கு நாட்டுப் பற்று கிடையாதா என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களுக்கு நான் ஜேபஸ் ப்ளோரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஜேபஸ் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் இருமினால் என் வீட்டுப் பாத்திரம் அதிரும். ஆள் வாட்டசாட்டம், வாய் அதைவிடப் பெரிசு. தெல்வால் முதலாளியின் பட்டறையில் முக்குகிறவர். ஒருமுறை சுட்டு எடுத்த ஜக்கின்மேல் நாங்கள் அச்சுக்கூடத்துப் பெண்கள் காகிதத்தில் அச்சான நீலப் படத்தை ஒட்டித் தேய்த்து அனுப்புவோம். அதை அவர் பளபளப்புக் கலவைத் தொட்டியில் முக்கி எடுத்து, மணிக்கட்டால் ஒரு சுழற்றுச் சுழற்றி, மிச்சத்தை உதறிப் பலகையில் வைப்பார். அப்புறம் அது மறுபடியும் சூளைக்குப் போய்ப் பளபளவென்று வெளியே வரும். அந்தச் சுழற்றலில்தான் சூட்சுமம். கலவை தடித்தால் படம் கலங்கிப் போகும், மெலிந்தால் ஜக் சொரசொரவென்று வறண்டு போகும். ஜேபஸ் முக்கின ஜக்கில் நீலம் ஓடியதாக நான் பார்த்ததில்லை. அதை அவரே நாளைக்குப் பத்து தடவை சொல்லுவார் என்பது வேறு விஷயம்.

தொட்டியில் இருந்தது ஈயம். அது எல்லாருக்கும் தெரியும். முக்குகிறவர்கள் காலையில் வேலைக்குப் போகுமுன் பன்றிக் கொழுப்பைத் துண்டு துண்டாக விழுங்குவார்கள். உள்ளே கொழுப்பு இருந்தால் ஈயம் வழுக்கிக்கொண்டு வெளியே போய்விடும் என்று அவர்கள் நம்பிக்கை. ஒருத்தர் உடம்பிலிருந்தும் அது போய் நான் பார்க்கவில்லை. முதலில் வயிற்றைப் பிடுங்கும், பிறகு முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும், கடைசியில் மணிக்கட்டு விழும். ஜேபஸுக்கு முன்னால் அந்தத் தொட்டியில் நின்ற மனிதருக்கு இரண்டு கையும் விழுந்து, பெண்டாட்டி ஊட்டிவிட்டுத்தான் சாப்பிட்டார். அதிக காலம் சாப்பிடவில்லை.

அட்மிரல் செத்த அந்த வருஷம் கோடையிலேயே ஜேபஸுக்கு வயிற்றுவலி ஆரம்பித்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் முனகுவது எனக்குக் கேட்கும். கெசியா அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கெசியா அவர் மனைவி. என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். குச்சி மாதிரி இருப்பாள், ஆனால் எடுத்த காரியத்தை விடமாட்டாள். டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார், மடக்கச் சொன்னார், நிமிர்த்தச் சொன்னார். இந்தக் குளிர்காலத்துக்கு முன் தொட்டியை விட்டால் கை பிழைக்கும், இன்னொரு குளிர்காலம் நின்றால் பிழைக்காது என்று சொல்லிவிட்டார்.

கெசியா சும்மா இருக்கவில்லை. கால்வாய்ப் படகுத்துறையில் அவளுடைய சித்தப்பா மகன் மேஸ்திரி. அவனிடம் நடையாய் நடந்து, படகில் ஏறும் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலையை ஜேபஸுக்கு வாங்கிவிட்டாள். நவம்பரில் வரும் மார்ட்டின் திருநாளோடு பட்டறைக்காரர்களின் வருஷக் கெடு முடியும். அன்றைக்குப் புது அச்சாரம் வாங்காமல் வந்துவிட்டால் மறுநாள் துறையில் போய் நிற்கலாம். கிறிஸ்துமஸ் வரைக்கும் அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்று மேஸ்திரி சொல்லியிருந்தான்.

மார்ட்டின் திருநாளுக்குச் சில நாள் இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. அட்மிரல் கடற்போரில் ஜெயித்தார், அட்மிரல் செத்தார். இரண்டும் ஒரே கோச்சு வண்டியில் வந்து இறங்கின. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஊரே இரண்டையும் செய்தது. தேவாலயத்தில் மணி அடித்தார்கள். வெற்றிக்கு ஒருமுறை கணீரென்று, சாவுக்கு ஒருமுறை மணியின் நாக்கில் தோலைக் கட்டி மந்தமாக. ஜேபஸ் மணிக்கயிறு இழுப்பவர்களில் ஒருவர். இழுத்துக்கொண்டிருக்கும்போதே கயிறு அவர் கையிலிருந்து நழுவி மேலே போய்விட்டது. பக்கத்தில் நின்றவர் பாய்ந்து பிடிக்காவிட்டால் மணி தலைகீழாய்ச் சுற்றியிருக்கும்.

"கை வேர்த்துடுச்சு," என்று ஜேபஸ் சிரித்தார்.

நவம்பர் குளிரில் கை வேர்த்ததாம். கெசியா கீழே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.  வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் கையைத் தன் கைக்குள் வைத்துப் பிசைந்துகொண்டே வந்தாள்.

மார்ட்டின் திருநாளன்று முதலாளி எங்கள் எல்லாரையும் பட்டறைக் களத்தில் நிற்கவைத்து ஒவ்வொருவருக்கும் அச்சாரக் காசு கொடுத்தார். கையில் காசை வாங்கிவிட்டால் அடுத்த மார்ட்டின் திருநாள் வரை அவருடைய ஆள். நடுவில் ஓடினால் ஸ்டாஃபோர்ட் ஜெயில். தெல்வால் முதலாளி கெட்டவார்த்தை பேசமாட்டார், கையை ஓங்கமாட்டார், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கூடச் செய்வார். அவரிடம் எனக்கு எப்போதும் பயம் அதனால்தான். ஜேபஸ் வரிசையில் நிற்காமல் ஓரமாக ஒதுங்கி நின்றார். முதலாளி வரிசையை விட்டுவிட்டு நேராக அவரிடம் வந்தார்.

"ஜேபஸ், நீ போறேன்னு சொன்னாங்க. தாராளமா போ. யாரு தடுத்தா? ஆனா அட்மிரலுக்கு ஒரு ஜக் பண்ணப் போறோம். நாடே வாங்கும். அதைப் போய் வேற எவன் கையில நான் குடுப்பேன், நீயே சொல்லு."

"கெசியா துறையில பேசி வச்சிருக்கா, ஐயா."

"இருக்கட்டுமே. கிறிஸ்துமஸ் வரைக்கும் முக்கிக் குடு. அப்புறம் நானே உன்னைத் துறைக்குக் கூட்டிட்டுப் போய் விடுறேன்."

ஜேபஸின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கப்பலையே அவர் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. முதலாளி அவர் உள்ளங்கையைத் திறந்து ஷில்லிங்கை வைத்து, விரல்களைத் தாமே மடக்கியும் விட்டார்.

அன்று சாயங்காலம் சுவர் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது.

"கையைக் காட்டு."

"கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் புள்ள. வாக்குக் குடுத்திருக்காரு."

"வாக்கு அவர் வாய்ல இருக்கு. அச்சாரம் உன் கையில இருக்கு. நாளைக்கு மாஜிஸ்ட்ரேட் எதைக் கேப்பாரு?"

"அட்மிரல் நாட்டுக்காகக் கையையே குடுத்தாரு. நான் ஆறு வாரம் குடுக்கக் கூடாதா?"

"அவர் குடுத்தாரு, பட்டம் குடுத்தாங்க, பதக்கம் குடுத்தாங்க, பென்ஷன் குடுத்தாங்க. உனக்கு என்னய்யா குடுப்பாங்க? பன்றிக் கொழுப்பா?"

அதற்கு ஜேபஸ் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவளும் சிரித்துவிட்டாள். வேறு என்ன செய்வாள்? காசைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள், அதுதான் வழக்கம்.

ஜக் என்னவோ அழகுதான். ஒரு பக்கம் கப்பல், மறு பக்கம் அட்மிரல், சுற்றிலும் கொடியும் பீரங்கியும் நங்கூரமும், கீழே அவர் பெயர். நாங்கள் தேய்த்துத் தேய்த்து அனுப்பினோம், ஜேபஸ் முக்கி முக்கி வைத்தார். அத்தனை ஜக்கை அவ்வளவு அவசரமாக அந்தப் பட்டறையில் யாரும் முக்கியதில்லை. டிசம்பர் பிறந்தபோது அவருக்குச் சட்டைப் பொத்தான் போட நேரம் பிடித்தது. ஆனாலும் முடித்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருந்தது. "பாத்தியா, நீ பயந்ததுதான் மிச்சம்," என்று கெசியாவிடம் பீற்றிக்கொண்டார். அவள் அந்த வாரம் அவருக்குத் துறைக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு கோட்டு தைத்தாள்.

சூளை திறந்த அன்று லிவர்பூல் வியாபாரி வந்திருந்தார். கிராப்ட்ரீ என்று பெயர். ஜக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த அட்மிரல்?"

முதலாளி சிரித்தார். "என்ன கேள்வி இது! கீழேயே பேர் போட்டிருக்கே."

"பேரு சரி. கை எங்கேய்யா? அவருக்குப் போனது வலது கை. இங்க இடது கை இல்லாம நிக்கிறாரு. எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். இதைக் கொண்டுபோய் வச்சா என் தலையிலேயே போட்டு உடைப்பாங்க."

 பர்ஸ்லெம்மில் அட்மிரலைப் பார்த்தவர்கள் யார்? ஒரு கை இல்லை என்று தெரியும். எந்தக் கை என்று யாருக்குத் தெரியும்? தவறு எங்கே என்று பிறகுதான் தெரிந்தது. செப்புத் தகட்டில் படம் வெட்டியவர் புதிதாக வந்த ஆள், அதற்கு முன் காகிதத்தில் படம் அச்சடிக்கிற கடையில் இருந்தவர். காகிதத்தில் அச்சடித்தால் படம் இடம் வலமாகத் திரும்பிவிடும், அதனால் தகட்டில் திருப்பித்தான் வெட்டுவார்கள். எங்கள் வேலையில் தகட்டிலிருந்து காகிதம், காகிதத்திலிருந்து ஜக் என்று இரண்டு தடவை திரும்புவதால் நேராக வெட்ட வேண்டும். எழுத்து வெட்டியவர் எங்கள் பழைய ஆள், அவர் சரியாக வெட்டினார். புது ஆள் பழக்க தோஷத்தில் அட்மிரலைத் திருப்பி வெட்டிவிட்டார். எழுத்து நேராக இருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

"கை போச்சுன்னா போச்சு, எந்தப் பக்கம் போனா அவருக்கு என்ன?" என்று ஜேபஸ் உரக்கச் சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவருக்கும் உறைத்தது. அத்தனையையும் மறுபடி செய்ய வேண்டும். மறுபடி செய்வதென்றால் மறுபடி முக்க வேண்டும்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும்னு சொன்னீங்களே, ஐயா," என்று கேட்டார். 

"இந்த ஜக்கு முடியற வரைக்கும்னுதானே சொன்னேன்? முடியலையே. ஜனவரியில லண்டன்ல அட்மிரலோட அடக்கம். அதுக்குள்ள கடைக்குப் போகலேன்னா யாரு வாங்குவா? அச்சாரம் வருஷத்துக்குன்னு நான் உனக்கு நினைவுபடுத்தணுமா, ஜேபஸ்?"

கெசியா மறுநாள் முதலாளியின் வீட்டுக்கே போனாள். நானும் கூடப் போனேன். அவர் எங்களை உட்காரச் சொன்னார், பீர் கொண்டுவரச் சொன்னார்.

"ஐயா, டாக்டர் சொல்லிட்டாரு. இன்னொரு தடவை முக்குனா கை வராது. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், வேற ஆள் வச்சுக்குங்க."

"வேற ஆள் முக்கி நீலம் ஓடிட்டா? இன்னொரு தடவை என்னால தாங்க முடியாதும்மா. ஜெபம் பண்ணு, நானும் பண்றேன். கையைக் குடுத்தவர் காப்பாத்துவாரு."

கிளம்பும்போது ஒரு பெரிய பன்றிக்கறித் துண்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். கெசியா அதை வழியில் எறிந்துவிடுவாள் என்று நினைத்தேன். எறியவில்லை. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். கொண்டுபோய்ச் சமைத்தாள்.

புதுத் தகடு வந்தது. சரியான கை போன அட்மிரலைத் தேய்த்து அனுப்பினோம். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் விடுமுறை. ஜேபஸ் அன்றைக்குத் துறைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று போகிறவர் வருகிறவரிடம் காட்டினார். பொத்தானைக் கெசியாதான் போட்டுவிட்டிருந்தாள்.

அதற்கு அடுத்த வாரம், நான் ஒரு பலகை ஜக்கை முக்கும் அறைக்குக் கொண்டுபோனேன். அவர் ஒன்றை எடுத்து முக்கினார். எடுக்கும்போது அது நழுவித் தொட்டிக்குள் போனது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் போனது. பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்த்தார். மணிக்கட்டுக்குக் கீழே இரண்டும் ஈரத்துணி மாதிரித் தொங்கின. நிமிர்த்தப் பார்த்தார். நெற்றியில் நரம்பு புடைத்ததே தவிர கை அசையவில்லை.

"தாமார், கொஞ்சம் தூக்கி விடேன்," என்றார், என்னவோ மறந்துபோய் வைத்த சாமானைக் கேட்கிற மாதிரி.

நான் தூக்கிப் பிடித்தேன். விட்டதும் விழுந்தது. எத்தனை தடவை பிடித்துப் பிடித்து விட்டேன் என்று தெரியாது. கடைசியில் அவர்தான் போதும் என்றார்.

மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். அதை வேறொருவன் முக்கினான். நீலம் ஒன்றிலும் ஓடவில்லை. 

அச்சாரம் ஒரு பக்கத்தைத்தான் கட்டிப்போடும் என்று அந்த வாரம் தெரிந்துகொண்டேன். முக்க முடியாதவனை முக்குகிறவனாக எப்படி வைத்துக்கொள்வது என்று முதலாளி வருத்தத்தோடு கேட்டார். ஸ்டாஃபோர்ட் ஜெயிலைப் பற்றி இப்போது யாரும் பேசவில்லை. கெசியா துறைக்கு ஓடினாள். கிறிஸ்துமஸ் கழிந்துவிட்டது, இடம் வேறொருவனுக்குப் போய்விட்டது. இருந்தாலும்தான் என்ன, பெட்டியில் குறி போடச் சாக்கட்டியையாவது பிடிக்க வேண்டாமா?

லண்டனில் அடக்கம் நடந்த அன்று எங்கள் ஊரிலும் மணி அடித்தார்கள். ஜேபஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிப்ரவரியில் கிராப்ட்ரீ மறுபடி வந்தார். நல்ல ஜக்கெல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. தப்பான கை போட்டதை முதலாளி உடைசல் மேட்டில் கொட்டச் சொல்லியிருந்தார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கொட்டவில்லை. வைக்கோல் போட்டுக் கிடங்கில் அடுக்கி வைத்திருந்தார். அதை ஒன்று விடாமல் கிராப்ட்ரீ வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னால் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"தலையில போட்டு உடைப்பாங்கன்னு சொன்னீங்களே?"

"அப்படித்தான் நினைச்சேன்மா. தவறிப்போய் இதுல ஒரு பெட்டி என்கிட்ட வந்து சேர்ந்துடுச்சு. பயந்துக்கிட்டே கடையில வச்சேன். மத்ததுக்கு முன்னாடி அதுதான் வித்துச்சு. ஒருத்தன் பாக்கணுமே! ஒரு கை இல்லையா, சரி, குடுன்னு வாங்கிட்டுப் போயிடறான்."

அவர் நல்ல மனிதர் மாதிரிச் சிரித்தார்.  யாரும் பார்க்கப்போவதில்லை என்றால், எதற்காக அத்தனையும் மறுபடி? டிசம்பரிலேயே இந்த வண்டி வந்து இதையே ஏற்றிக்கொண்டு போயிருந்தால் ஜேபஸ் இந்நேரம் துறையில் நின்று படகுக்காரர்களிடம் பெருமை அடித்துக்கொண்டிருப்பார். ஓடிப்போய்க் கெசியாவிடம் சொன்னேன். அவள் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. பிறகு மறுபடி சீவினாள்.

"அவர்கிட்ட சொல்லிடாத அக்கா. கை அட்மிரலுக்காகத்தான் போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு. அதுவாவது இருக்கட்டும்."

தேவாலயப் பங்குச் சபையின் ஏழைகள் நல அதிகாரி வந்து பார்த்தார். ஏழை விடுதிக்கு வந்தால் சாப்பாடு உண்டு, ஆனால் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், குழந்தைகள் வேறு பக்கம் என்றார். சின்ன மகள் அதைக் கேட்டுவிட்டு மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். வீட்டில் விற்கக்கூடியதெல்லாம் போனது. துறைக் கோட்டும் போனது. அப்போதுதான் முதலாளி, அவருடைய பரந்த மனசில், கெசியாவுக்கு ஆள் அனுப்பினார். முக்கும் அறையில் இடம் இருக்கிறது, ப்ளோர் குடும்பத்தை நான் கைவிடமாட்டேன் என்று சொல்லி அனுப்பினார்.

வேலைக்குப் போகிற முதல் நாள் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு போக நான் போனேன். ஜேபஸ் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"அங்க மட்டும் வேண்டாம் கெசியா. உனக்குத் தெரியும் அது என்னன்னு."

"தெரியும்."

"வேற எங்கேயாவது போலாம். தெருவுல பிச்சை எடுத்தாவது சாப்பிடலாம்."

"பிச்சை எடுக்கக் கையை நீட்டணும் ஜேபஸ்," என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சும்மா சொன்னாள், ரொட்டி தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி.

அவர் அழுதுவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு, தேம்பித் தேம்பி அழுதது. அவளைப் பிடித்து நிறுத்த இரண்டு கையையும் அவள் தோள்மேல் போட்டார். விரல்கள் மூடவில்லை. முழங்கையால் அணைத்து இழுத்துப் பார்த்தார். கெசியா உதறவில்லை. உதற வேண்டிய தேவையே இல்லை. அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள், அவர் கைகள் தாமாகவே நழுவி விழுந்தன.

வெளியே பனிக்காற்று. "கதவைச் சாத்திக்கோ, புள்ளைங்களுக்குக் குளிரும்," என்று திரும்பிப் பாராமலே சொன்னாள். நாலு அடி நடந்தவள் சட்டென்று நின்றாள். திரும்பி வந்து, அவரை மெல்ல உள்ளே தள்ளி நிறுத்திவிட்டு, தானே கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினாள். பிறகு நாங்கள் வேலைக்கு நடந்தோம்.